ஆஸ்தான நோயாளி

கீரமங்கலம் கடைத்தெருவில் ஒரு உரக்கடைக்கு மேலே இருக்கிறது செம்மல் பாராமெடிக்கல் அகாடமி. கீழே யூரியா, மேலே மூளை. மாடிக்குப் போக ஒடுக்கமான படிக்கட்டு ஒன்றுதான். நடக்க முடியாதவர்களை நடக்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் அந்த இடத்துக்கு, நடக்க முடியாதவர் எவரும் ஏறிப் போக முடியாது. இதை யாராவது எடுத்துச் சொன்னால் தாளாளர் செம்மல் கோபப்பட மாட்டார். கோபப்படும் அளவுக்கு அவர் யாரையும் மதிப்பதில்லை. "நோயாளி வந்து போற எடம்னா ஆஸ்பத்திரின்னு போர்டு வச்சிருப்பேன்ல? இது கல்வி நிறுவனம்" என்பார்.

செவந்தி அங்கே பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா நாகராசு. பூ விவசாயி. மகளுக்குப் பேர் வைத்ததும் தோட்டத்தைப் பார்த்துத்தான். போன வருஷம் பூ கமிஷன் கடையில் மல்லிகை மூட்டையை இறக்கி வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. அம்மா இல்லாத வீடு. அப்பாவின் தலைக்குள் என்ன நடந்தது, அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று செவந்திக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அகாடமியின் நோட்டீஸில் 'நரம்பியல் அடிப்படைகள் உலகத் தரத்தில்' என்று போட்டிருந்தது. அதை நம்பிச் சேர்ந்துவிட்டாள். படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கினால் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

நரம்பியல் வகுப்பைத் தாளாளரே எடுத்தார். மூளையைப் பற்றிப் பேசும் தகுதி அந்தக் கட்டடத்தில் தனக்கு மட்டும்தான் உண்டு என்பது அவருடைய அபிப்பிராயம். அதை மறுத்துப் பேச, அங்கே சம்பளம் வாங்கும் யாருக்கும் தைரியமில்லை. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் கபால நரம்புகள் பன்னிரண்டின் பெயரையும் மாணவர்கள் கைகட்டி நின்று ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். ஒன்பதாவது நரம்பு என்ன வேலை செய்யும் என்று ஒருநாள் ஒரு பெண் கேட்டுவிட்டாள். "பேரைச் சுத்தமாச் சொல்லு. வேலையை அது பாத்துக்கும்" என்றார் செம்மல்.

அகாடமியின் பெரிய சொத்து ஒரு பிளாஸ்டிக் மூளை. பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டக்கூடியது. யாரும் கழற்றியதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, வெள்ளிக்கிழமை தோறும் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டுவார்கள். வகுப்புக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அந்த மூளை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று ஆலங்குடியிலிருந்து வாஸ்து பார்ப்பவரை வரவழைத்துக் கேட்டிருந்தார்கள். ஈசானிய மூலையைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஈசானிய மூலையில் இருந்தது சுவர். ஆக மூளை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, மாணவர்கள் அதன் பின்பக்கத்தை மட்டும் பார்த்துப் படித்தார்கள்.

செவந்தி எழுந்து நின்றாள். "சார், முன்மூளை தெரியலையே சார்."

"முன்மூளை எதுக்கு?"

"யோசிக்கிறதுக்கு, முடிவெடுக்கிறதுக்குன்னு புக்குல போட்ருக்கு சார்."

"நீ என்ன கோர்ஸ்?"

"பிசியோதெரபி அசிஸ்டென்ட் சார்."

"அசிஸ்டென்ட்!" செம்மல் வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "யோசிக்கிறது ஸ்பெஷலிஸ்ட். முடிவெடுக்கிறது டாக்டர். ஒனக்குப் பின்மூளை போதும். அது பேலன்ஸ் பாத்துக்கும். நான் இந்த அகாடமிய இத்தனை வருசமா எதை வச்சு நடத்துறேன்னு நெனக்கிற? பேலன்ஸ்!"

அன்று முதல் முன்மூளை பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

செய்முறை வகுப்புக்கு நோயாளி வேண்டுமே. அதற்கு மதுரைவீரன் இருந்தார். அகாடமி வேனின் டிரைவர். மாணவர்களை ஏற்றி வந்து இறக்கிவிட்டு, வண்டியைப் பூட்டி, கைகால் அலம்பிக்கொண்டு மேலே வந்து பெஞ்சில் படுத்துக்கொள்வார். திங்கள் என்றால் வலப்பக்கம் வாதம், செவ்வாய் என்றால் இடப்பக்கம். புதன்கிழமை நடுக்குவாதம். வியாழன் தண்டுவட முறிவு. வெள்ளிக்கிழமை மூளைக்குப் பூசை என்பதால் அவர் குணமாக இருப்பார். கையை நெஞ்சோடு மடக்கி, விரல்களைச் சுருட்டி, காலை வட்டம் போட்டு இழுத்து அவர் நடந்து காட்டும்போது புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் அழுததுண்டு. "மெதுவாத் தூக்கு புள்ள, சாயந்தரம் கியர் போடணும்" என்று மட்டும் அவ்வப்போது பெஞ்சிலிருந்து சத்தம் வரும்.

செவந்திக்கு அங்கேயும் ஒரு சந்தேகம். "சார், எங்கப்பாவுக்குக் கை இப்புடி இல்ல சார். தோளு தொளதொளன்னு எறங்கிக் கெடந்துச்சு. கையப் புடிச்சுத் தூக்கக் கூடாதுன்னு வீட்டுக்கு வர்ற பிசியோ அக்கா சொன்னாங்க."

"ஒங்கப்பா நம்ம சிலபஸ் படிச்சிருக்காரா?"

"இல்ல சார்."

"பின்ன எப்படி அவருக்குச் சரியா வரும்?"

வகுப்பு சிரித்தது. செவந்தியும் உட்கார்ந்தாள். அப்பாவைச் சொல்லிச் சிரிக்கிறார்களே என்று முகம் சிவந்தாலும், மற்றவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தும் வைத்தாள்.

அவள் உண்மையில் படித்தது வீட்டில்தான். அகாடமி கொடுத்த பழைய புத்தகத்தின் கடைசியில், தேர்வுக்கு வராது என்று பென்சிலால் அடித்துவிட்ட ஒரு பாடம் இருந்தது. அடிபட்ட மூளை சும்மா கிடப்பதில்லை, செத்த பாதைக்குப் பக்கத்தில் புதுப் பாதை போட்டுக்கொள்ளும், எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதையே அது கற்றுக்கொள்ளும் என்று அதில் எழுதியிருந்தது. தோட்டத்தில் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினாள். தினமும் சாயங்காலம் நாகராசு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார், வருவார். "பாரத்த அந்தக் காலுல போடுங்கப்பா. பயப்படாதீங்க. மூள பாத்துக்கிட்டே இருக்கு, கத்துக்கிரும்" என்று கூடவே நடப்பாள்.

"அப்ப என் மூள இன்னும் பள்ளிக்கூடம் போவுதுன்னு சொல்லு. நானே அஞ்சாப்போட நின்னவன்" என்பார் நாகராசு.

கயிறு மெல்ல மெல்லத் தேவைப்படாமல் போனது. முதலில் ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு கயிறு பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியம் மட்டும். "ஒன் காலேசுக்கு ஒருநாள் நான் நடந்தே வாரேன் பாரு. எம்மகதான் நடக்க வச்சான்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்று அவர் சொன்னபோது செவந்திக்கு அழுகை வந்துவிட்டது.

அப்படி ஒரு நாள் சீக்கிரமே வந்தது.

இந்த மாதிரிப் படிப்புகளுக்கெல்லாம் அங்கீகாரம் கொடுப்பதற்கென்று ஒரு வாரியம் உண்டு. அகில மண்டல உடலியக்கக் கல்வி வாரியம் என்று பெயர். அதன் ஆய்வாளர் அமராவதி அம்மாள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் அந்த வருஷ மாணவர்களுக்குச் சான்றிதழ். சென்ற ஆண்டு ஆய்வில் ஒரு சின்னத் தடங்கல் நேர்ந்திருந்தது. அறந்தாங்கி ரயில் நிலையத்திலிருந்து அம்மாளை வேனில் அழைத்து வந்தவரே பெஞ்சிலும் படுத்துக் கிடந்ததை அம்மாள் கவனித்துவிட்டார். 'நோயாளி வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கலாம்' என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். இந்த ஆண்டு உண்மையான நோயாளி ஒருவரை வைத்துச் செய்முறை காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவு வந்துவிட்டது.

செம்மல் செவந்தியை அறைக்கு அழைத்தார். முதல் முறையாக உட்காரச் சொன்னார். "அப்பா எப்படிம்மா இருக்காரு? நோய் நல்லா இருக்கா?"

நாகராசுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆய்வன்று காலையிலேயே சவரம் செய்துகொண்டார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஊன்றுகோலை எடுத்து வைத்த மகளிடம், "அது எதுக்கு ஆத்தா, அசிங்கமா?" என்று சொல்லிவிட்டார். உரக்கடைப் படிக்கட்டில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, மற்ற காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, நின்று மூச்சு வாங்கி, அடுத்த படி. செவந்தி பின்னால் கையைத் தயாராக வைத்துக்கொண்டு ஏறினாள். ஒரு இடத்திலும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மேலே வந்து, வியர்வையில் நனைந்த முகத்தோடு எல்லாரையும் பார்த்து, "வணக்கங்க" என்றார். உண்மையான நோயாளியை முதன்முதலாகப் பார்த்த மாணவர்கள் கைதட்டினார்கள். செம்மல் மட்டும் தட்டவில்லை.

அமராவதி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவர்தான் நோயாளியா? மேல எப்படி வந்தார்?"

"நடந்துதாங்க அம்மா வந்தேன்!" என்றார் நாகராசு.

அம்மாள் கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டார். "மிஸ்டர் செம்மல், எங்க வாரியத்தோட வரையறை ரொம்பத் தெளிவா இருக்கு. பக்கவாத நோயாளின்னா எழுந்திருக்க இயலாதவர், பிறர் உதவியில்லாம நகர இயலாதவர். இவர் எழுந்திருக்கார். நகர்றார். வணக்கம் வேற சொல்றார்."

"மேடம், இவரு நெசமான நோயாளி. ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் இருக்கு."

"நான் நம்பறேன். ஆனா இவரை நோயாளின்னு நான் ஏத்துக்கிட்டா, வரையறை தப்புன்னு ஆயிடும். வரையறையைத் திருத்தணும்னா மூணு கமிட்டி கூடணும், டெல்லியில ஒப்புதல் வாங்கணும். இவரைத் திருத்தறது சுலபம். நோயாளி இல்லைன்னா செய்முறை இல்லை. செய்முறை இல்லைன்னா இந்த பேட்ச்சுக்கே சான்றிதழ் இல்லை. எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. நான் விதிப்படி நடக்கறவ."

நடக்கலாம் என்று வாரியம் அனுமதித்திருந்தது அவரை ஒருவரைத்தான்.

செம்மல் கண்ணைக் காட்ட, மதுரைவீரன் ஓடி வந்தார். தொழில் தெரிந்தவர். "அண்ணே, இங்கிட்டு வாங்க. கைய இப்புடி நெஞ்சுக்கிட்ட மடக்குங்க. வெரலச் சுருட்டுங்க. கால இழுங்க. முழியக் கொஞ்சம் மேல சொருகுங்க, பாக்க நல்லாருக்கும்."

நாகராசு அவரையும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, நான் நல்லாத்தானேங்க நடந்தேன்? எதும் தப்பாப் போச்சுங்களா?" மகள் பக்கம் திரும்பினார். "இவுக என்ன ஆத்தா சொல்றாக?"

'வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்' என்று செவந்தி சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கடன் வாங்கிப் படித்த ஒருத்தி, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுப் படித்த இன்னொருத்தி, எல்லார் கண்ணும் அவள் மேலே. புதுக்கோட்டை வேலையும் நினைவுக்கு வந்தது. பொய் சொல்வானேன், உள்ளதைச் சொல்லிவிடுவோம்: மற்றவர்களைவிட அந்த வேலைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

"அப்பா," என்றாள். "கொஞ்ச நேரத்துக்கு நடக்காம இருங்கப்பா. எனக்காக."

சொன்னவுடனே அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அப்பா அவளை அதிக நேரம் பார்க்கவில்லை. "சரி ஆத்தா, இதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் பாடுபட்டு மீட்டு வைத்த வலது கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நோயாளி கட்டடத்துக்குள் வந்து சேர்ந்ததற்குப் புகைப்பட ஆதாரம் வேண்டும், அதில் இடமும் நேரமும் விழுந்திருக்க வேண்டும் என்று அம்மாள் சொல்லிவிட்டார். நடந்து வந்ததற்கு ஆதாரம் செல்லாது. ஆகவே நாகராசை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே தூக்கிப் போனார்கள். உரக்கடை வாசலில் வைத்து ஒரு படம். பிறகு மறுபடியும் மேலே. நான்கு பேர் தூக்கினார்கள், அதில் செவந்தி ஒருத்தி. உரக்கடைக்கு மூட்டை வாங்க வந்திருந்த தெரிந்தவர் ஒருவர், "என்ன நாகராசு, மறுபடி வந்துருச்சா?" என்று பதறிக் கேட்டார். நாகராசு சிரித்து மழுப்பினார். பாதிப் படியில் மகளின் காதருகே, "கனமா இருக்கேனா ஆத்தா?" என்று கேட்டார். செவந்திக்கு எங்காவது போய் விழுந்து சாகலாம் போல இருந்தது. நாற்காலியை விட முடியாததால் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

செய்முறை பிரமாதமாக நடந்தது. நரம்புகளின் பெயரை ராகத்தோடு ஒப்பித்தபடி செவந்தி அப்பாவின் கையைப் பாடத்திட்டப்படி பிடித்துத் தூக்கினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டது மாணவர்களில் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. முழு மதிப்பெண் போட்டார்கள்.

"இதுதான் ஸ்ட்ரோக்!" என்றார் அமராவதி அம்மாள் மனம் நிறைந்து. "வந்தப்ப எப்படி இருந்தார், இப்ப எப்படி இருக்கார் பாருங்க. ஒரே மணி நேரத்துல இவ்வளவு மாற்றம். இதுதான் நல்ல பயிற்சி நிறுவனத்துக்கு அடையாளம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நாகராசும் தட்டினார், ஒற்றைக் கையால், தொடையில். முடிந்ததும் பழக்கத்தில் எழுந்து நடக்கப் போனவரை, "மேடம் கார் இன்னும் கீழதான் நிக்குது" என்று செம்மல் தடுத்து, மறுபடி நாற்காலியிலேயே இறக்கி அனுப்பினார்.

வேனில் வீட்டுக்குப் போகும் வழியில் மதுரைவீரன்தான் பேசிக்கொண்டு வந்தார். "மொதத் தடவைங்கறதுக்கு நல்லாவே செஞ்சீங்கண்ணே. எனக்கே இந்த அளவு வர ஒரு வருசம் ஆச்சு."

சான்றிதழ் வழங்கும் விழா வந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். செம்மல் மைக்கைப் பிடித்தார். "இந்த நன்னாளில் ஒரு மகிழ்ச்சியான செய்தி. நம் அகாடமியின் ஆஸ்தான நோயாளியாக ஐயா நாகராசு அவர்களை நியமிக்கிறேன். மாதச் சம்பளம் உண்டு, தீபாவளிக்கு வேட்டி உண்டு. ஒரே ஒரு நிபந்தனைதான். பணிக்காலத்தில் உடல்நிலையில் முன்னேற்றம் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் விளக்கம் கேட்கப்படும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில பேர் வேலை கிடைத்ததும் குணமாகிவிடுகிறார்கள். நன்றி இல்லாத உலகம்!"

பின்வரிசையில் மதுரைவீரன் தலையைக் குனிந்துகொண்டார். வெறும் டிரைவராகிவிட்ட துக்கம்.

சான்றிதழ் வாங்க மேடைக்கு வந்த செவந்தி, வாங்கிக்கொண்டு இறங்காமல் நின்றாள். "எங்கப்பா வரமாட்டாரு சார்."

"ஏன்? ஒங்கப்பாவுக்கு ஒரு எதிர்காலத்த அமைச்சுக் குடுக்கறேன், கெடுத்துக்காதம்மா."

"அவரு நடப்பாரு சார். நடக்கத்தான் போறாரு." சான்றிதழோடு இறங்கி வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்தபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது மாதிரி இருந்தது. செய்ததற்கு ஈடுகட்டிவிட்டோம் என்று நினைத்தாள்.

வீட்டில் மட்டும் ஏதோ சரியில்லை. ஆய்வு நடந்த நாளிலிருந்து சாயங்காலம் தென்னை மரத்தடிக்குக் கூப்பிட்டால் நாகராசு வரவில்லை. "இன்னைக்கு அசதியா இருக்கு ஆத்தா" என்பார். அடுத்த நாளும் அசதிதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் தரும் காப்பியை இடது கையால் வாங்கிக்கொள்வார். கால் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம். பயத்துக்கு நடுவே புதுக்கோட்டை வேலை வந்தது. சேர்ந்தாள்.

முதல் நாள் வேலை முடிந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறினாள். அப்பா பார்க்கட்டும் என்ற ஆசைதான். அன்று கொஞ்சம் முன்னதாகவே விட்டிருந்தார்கள். வெயில் தாழவில்லை. கனகாம்பரப் பாத்தி வழியாக வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிணற்றடியிலிருந்து வீட்டுப் பக்கம் நாகராசு நடந்து வந்துகொண்டிருந்தார். கயிறு இல்லை, கோல் இல்லை. வலது கையில் ஒரு செம்பு. தண்ணீர் கொஞ்சம் தளும்பியது, அவ்வளவுதான். இத்தனை நாளும் அவள் இல்லாத நேரத்தில் தானாக நடந்து நடந்து பழகியிருக்கிறார். செவந்தி சந்தோஷத்தில் ஓடினாள்.

சத்தம் கேட்டு நாகராசு திரும்பினார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். பக்கத்துத் துணி துவைக்கும் கல்லில் மெதுவாக உட்கார்ந்து, வலது கையை நெஞ்சோடு மடக்கி, விரல்களைச் சுருட்டிக்கொண்டார்.

"அப்பா, நான்தாம்ப்பா!"

"தெரியும் ஆத்தா" என்றார் நாகராசு. கையை இறக்கவில்லை.